ஊற்று வரை தோண்டிய குழி

வாளித் தண்ணீரை ஊற்றியதும் அது கழிப்பறைக் கோப்பைக்குள் சுழன்று இறங்கவில்லை, மேலே ஏறியது. பாக்கியவதி காலை இழுத்துக்கொண்டாள். விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து நின்று மெல்ல அசைந்தது தண்ணீர். அவள் அடுத்த வாளியை ஊற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்.

"இங்கேருங்க. உங்க குழி தண்ணிய திருப்பி அனுப்புது."

"மழைத் தண்ணியா இருக்கும்," என்றார் சுடலைமாடன். "பைய வத்திரும்."

வற்றாது என்று அவளுக்குத் தெரியும். பிசானப் பருவ நெல் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் வீட்டுக் கொல்லை முடிகிற இடத்தில் வயல் தொடங்கும். கால்வாய் ஓடினால் வயல் குடிக்கும். வயல் குடித்தால் கொல்லை ஊறும். அறுவடை வரைக்கும் அப்படித்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் இசக்கிச்செல்வி திசையன்விளையிலிருந்து பிரசவத்துக்குத் தாய் வீடு வருகிறாள். நிறைமாதத்துக்காரியை வழுக்குகிற கால்வாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. கழிப்பறை கட்டியதே அவளுக்காகத்தான்.

கட்டியவள் பாக்கியவதி. கல்யாணத்துக்கு முன்பே சித்தாளாகக் கலவை சுமக்கப் போனவள். கொத்தனார்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கரண்டியை எடுத்துப் பூசிப் பழகினாள். ஒருமுறை அவள் பூசிய சுவரைத் தான் பூசியதாக ஒரு கொத்தனார் மேஸ்திரியிடம் காட்டினார். சுவரில் கரண்டி ஓடிய தடமெல்லாம் அவளுடைய இடக்கைத் தடம். "அண்ணாச்சி, உங்களுக்கு எப்போ கை மாறிச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அதன் பிறகு கரண்டி அவள் கைக்கு வந்தது, கலவையை வேறு ஆட்கள் சுமந்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் அவள் கட்டிய கழிப்பறைகளுக்குக் கணக்கில்லை. கட்டி முடித்துக் கைகழுவிவிட்டு, பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வயிற்றை இறுக்கி, இருட்டிய பிறகு கால்வாய்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்தவளும் அவள்தான்.

தன் வீட்டுக் கழிப்பறையில் சுவரும் கோப்பையும் அவள் வேலை. குழி மட்டும் சுடலைமாடன் வேலை. அவர் உறைகிணறு தோண்டுகிறவர். சிமெண்டு உறையை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிக்கொண்டே போய், ஊற்றுக் கண் திறந்தால்தான் மண்வெட்டியைக் கீழே வைப்பார். ஊராட்சியில் கொடுத்த படத்தில் ஆழம் குறைந்த இரண்டு குழிகள் இருந்தன. ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு மற்றதற்குத் திருப்ப வேண்டும். மூடியது ஆறிக் காய்ந்து மண்ணாகிவிடும். படத்தைப் பார்த்து அவர் சிரித்தார்.

"இதென்ன எலி வளையா? நம்ம வீட்டுலயே இப்பிடி ஒரு குழி கெடந்தா, எவன் என்னைக் கெணறு தோண்டக் கூப்பிடுவான், ஏளா?"

கோடையில் ஒரே குழியாக, உறைக்கு மேல் உறையாக இறக்கினார். ஊற்று வந்தது. மேலே ஏறி வந்து முகத்தைத் துடைத்தபோது அவர் அடைந்திருந்த திருப்தியைப் பார்த்துப் பாக்கியவதியும் வாயைத் திறக்கவில்லை. நல்ல கிணறுதான். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது.

இப்போது வாயைத் திறந்தாள்.

"அந்த ஊத்து எங்கன இருந்து வருது?"

"மேக்க இருந்து. கால்வாய்ப் பக்கம்."

"எங்கன போவுது?"

"கெழக்க. நேரா..." அவர் நிறுத்திக்கொண்டார்.

கிழக்கே வேலிக்கு அப்பால், வடிவம்மாள் வீட்டு வாசலில், தெருவுக்கே பொதுவான அடிபம்பு இருந்தது. ஊற்றோட்டம் பார்த்து அதற்கு இடம் குறித்துக் கொடுத்தவர் அவர்தான்.

சுடலைமாடன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "குழின்னே நெனைக்கலளா. கெணறுன்னே நெனைச்சுட்டேன்."

"நானும் பாத்துக்கிட்டுதான நின்னேன்? மூடணும்."

"ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பானுவளே."

"சிரிக்கட்டும். நானே போய்ச் சொல்லுதேன்."

அடிபம்பில் வடிவம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முத்துராணி தன் முறைக்காக நின்றாள். பாக்கியவதி பம்பின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள்.

"மயினி, குடிக்க இதை எடுக்காதீங்க. பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணி எடுங்க. எங்க கக்கூஸ் குழி இந்த ஊத்தைத் தொட்டிருச்சு."

வடிவம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அடிப் பாதகத்தி! அப்போ இத்தன நாளு என்னத்தளா குடிச்சோம்?"

"நானும்தான் குடிச்சேன். எவ்வளவு வையணுமோ வைங்க மயினி. அதுக்கு முன்னால குடத்தைக் கவுத்திருங்க."

வடிவம்மாள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வைதாள். பாக்கியவதி முழுவதையும் நின்று கேட்டாள். பிறகு ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து கைப்பிடியைப் பூட்டினாள். ஊராட்சியிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். குழியை மூடி, மழை கழிந்து, தண்ணீரைச் சோதித்த பிறகுதான் பம்பைத் திறக்க முடியும் என்றார்கள்.

அன்றைக்கே சுடலைமாடன் குழிக்குள் சுண்ணாம்பைக் கொட்டினார். அதற்கு மேல் குளத்துக் களிமண்ணைப் போட்டுப் போட்டு இடித்தார். ஊற்றைத் திறக்கத் தெரிந்தவருக்கு அடைக்கவும் தெரிந்திருந்தது. பாக்கியவதி பழைய சுவரை இடித்துக் கோப்பையை உடையாமல் பெயர்த்தாள். புதுக் குழிகளின் அடி, கொல்லையில் ஊறுகிற தண்ணீருக்கு நன்றாக மேலே நிற்க வேண்டும். அதனால் செம்மண் அடித்து மேடு கட்டி, மேட்டுக்குள்ளேயே ஆழம் குறைந்த இரண்டு குழிகளை எழுப்பி, அவற்றைவிட உயரத்தில் அறையை வைத்தாள். ஏறிப்போகப் படிகள் கட்டினாள்.

மேடு உயர உயரத் தெரு வந்து பார்த்தது. டீக்கடை மணிராஜ் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான். "என்ன மயினி, எந்த மாடன் சாமிக்குப் பீடம் எழுப்புதிய? கெடா வெட்டு உண்டா?"

"உண்டு. கெடாதான் கெடைக்கல. நீ வந்து நில்லு."

வடிவம்மாள் சிரிக்கவில்லை. கோபம் தணிந்திருந்தாலும் அவளுக்கு வேறு கவலை. "இம்புட்டு ஒசரத்துல ஏறிப்போனா தெருவுக்கே தெரியுமேளா. அந்தப் புள்ள பட்டப்பகல்ல எப்பிடி ஏறுவா? கூசாதா?"

அதுதான் சிக்கல். அந்தத் தெருப் பெண்கள் சொம்பை முந்தானைக்குள் மறைத்துப் போய்ப் பழகியவர்கள். எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. இசக்கிச்செல்வியும் அதே தெருவில் வளர்ந்தவள். மேடு தயாராக இருந்து, அவள் கூச்சப்பட்டு இருட்டட்டும் என்று அடக்கிக்கொண்டு கிடந்தால் கட்டியும் பயனில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வெயில் இறங்குவதற்கு முன், பெண்கள் தெருவில் நிற்கிற நேரமாகப் பார்த்து, பாக்கியவதி வாளியை எடுத்தாள். முந்தானையால் மூடவில்லை. கையை வீசிக்கொண்டு படியேறினாள்.

"எங்களா போற?" என்றாள் வடிவம்மாள், தன்னை மறந்து.

"கக்கூசுக்குப் போறேன் மயினி. இத்தன காலம் ஒளிஞ்சு போயி என்னத்தக் கண்டோம்? பாம்பத்தான் கண்டோம்."

முத்துராணி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், அது கடகடவென்று இறங்குகிற சத்தமும் தெருவுக்குக் கேட்டன. பாக்கியவதி வெளியே வந்து, படியில் நின்றே கை கழுவினாள்.

"எக்கா, எங்க கொல்லையும் இப்பிடித்தான் ஊறுது," என்றாள் முத்துராணி. "அண்ணன் எங்களுக்குக் குழி எடுத்துத் தருமா?"

சுடலைமாடன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "எடுக்கலாம். இடுப்பளவுதான். அதுக்கு மேல ஆழம் கேட்டா நான் வரமாட்டேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியான பஸ்ஸில் இசக்கிச்செல்வி வந்தாள். அவள் புருஷன் இசக்கிதுரை பைகளைத் தூக்கி வந்தான். வந்ததும் அவள் தெரு பார்க்கவே படியேறிப் போனாள். திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டாள். ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுடலைமாடன் தொட்டியிலிருந்து வடிவம்மாள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார். அடிபம்பு பூட்டியே இருந்தது. பிற்பகலில் மழை பெய்தது. இசக்கிதுரை கடைசி பஸ்ஸில் திசையன்விளைக்குத் திரும்பிப் போனான்.