சப்பாத்துக் கடையில் விரிப்பு விற்ற சனிக்கிழமை

டென்மார்க்கில் எங்கள் சிறுநகரமான பிராண்டேயின் கடைத்தெருவில் ஒரு சப்பாத்துக் கடை மூடிக் கிடந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர், என் மனைவியோடு துணி ஆலையில் வேலை செய்த டெனிஷ்காரியின் அண்ணன். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை மட்டும் கடையை எங்களுக்குத் திறந்துவிடச் சம்மதித்தார். பின்னேரம் வந்து பார்ப்பாராம். வியாபாரம் நடந்திருந்தால் நத்தார் வரைக்கும் சாவி எங்களுக்கு. இல்லாவிட்டால் அன்றோடு சரி.

விற்க இருந்தவை கால் விரிப்புகள். ஆலையில் கழித்துவிடும் துண்டுத் துணிகளை என் மனைவியும் பக்கத்து வீட்டு மன்னார்ப் பெண்ணும் பின்னித் தைத்தவை. ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் நூலில் ஒரு பூ. இருவரும் தொடங்கிய சின்னக் கொம்பனிக்குப் பெயர் வைக்கத் தெரியாமல் அந்தப் பூவையே பெயராக்கியிருந்தார்கள்.

கடையைச் சோடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "யாழ்ப்பாணத்திலை புடவைக்கடையிலை நிண்டனீங்கள்தானே" என்றாள் மனைவி. நின்றது உண்மை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் போய்ப் பின்னறையில் துணிப்பொதி அவிழ்த்தேன். ஆட்களைக் கண்டால் எனக்குக் கூச்சம் என்பதால் முன்பக்கம் என்னை விட்டதே இல்லை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அப்படியென்றால் நிலம்தான். வாசலில் இருந்து பின்சுவர் வரை ஓர் அங்குலம் தெரியாமல் விரித்தேன். வாசலில் நீலம், போகப் போகச் சிவப்பு, கடைசியில் மேசைக்கு முன்னால் எல்லா நிறமும் கலந்த பெரியது. வெளியே போய்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கடை தீப்பிடித்தது போலிருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது.

பனிச்சேறு அப்பிய காலோடு விற்கிற பொருளில் ஏறுவோமா? மூவரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே நின்றோம்.

ஒருவரும் உள்ளே வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் வாசலோடு நின்றார்கள். மேலே பழைய சப்பாத்துக்கடைப் பலகை, கீழே எங்கள் சப்பாத்துகள். ஒரு வயதான டெனிஷ்காரி குனிந்து என் மனைவியின் சப்பாத்தைத் தூக்கி, அடியைத் திருப்பி விலை தேடினாள்.

"இஞ்சாருங்கோ, ஓடுங்கோ! என்ரை சப்பாத்து போகுது!"

"நீ போய்ச் சொல்லன்."

"அண்ணை, உங்கடையை ஆரும் தொடேல்லை, பாருங்கோ" என்றாள் மன்னார்ப் பெண். "மணம் அப்பிடி!"

நான்தான் போனேன். தெரிந்த டெனிஷ் எல்லாம் மறந்துவிட்டது. என் காலுறையைக் காட்டினேன். அவளுடைய பூட்ஸைக் காட்டினேன். பிறகு விரிப்பில் ஏறி இரண்டு தரம் துள்ளினேன், நாற்பது தாண்டிய மனிதன், தெருவே பார்க்க. அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு பூட்ஸைக் கழற்றி ஏறினாள். கால்விரல்களால் பிசைந்து பார்த்தாள். கண்ணை மூடினாள். நின்ற விரிப்பையே சுருட்டித் தரச் சொன்னாள்.

வாசலில் சப்பாத்துகள் குவிய, இதென்ன புதினம் என்று இன்னும் சனம் வந்தது. எல்லோரும் காலாலேயே தெரிவு செய்தார்கள். ஒன்று விற்றால் நிலத்தில் ஓர் ஓட்டை. குளிர்ந்த சீமெந்தில் கால் படாமல் பெரிய மனிதர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். ஓட்டையை அடைக்க நான் ஒரு விரிப்பைப் பிடித்து இழுத்தேன். அதில் நின்ற தாடிக்காரர் இறங்காமல் மேசை வரைக்கும் சவாரி வந்தார்.

சொந்தக்காரர் வந்தபோது சனம் கலைந்திருந்தது. மிஞ்சியது மேசைக்கு முன்னால் கிடந்த பெரியது ஒன்றுதான். வெறும் நிலத்தைப் பார்த்து, சாமான் ஒன்றும் கொண்டுவரவில்லையா என்று கேட்டார். எல்லாம் விற்றுவிட்டது என்று மனைவி சொல்ல, நம்பாமல் அவளைப் பார்த்தார். அந்த நேரம் ஓர் இளம் சோடி வாசலில் நின்று, காலால் பார்த்து வாங்குகிற கடை இதுதானா என்று கேட்டபடி பூட்ஸைக் கழற்றத் தொடங்கியது.

 சொந்தக்காரர் குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். விரிப்பில் ஏறி நின்றார். இது என்ன விலை என்றார்.

"சாவி தந்தாத்தான் எண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி தமிழில்.

"நீ சொல்லன்."

"நான் சொன்னாச் சண்டை மாதிரி இருக்கும். உங்கடை முகத்துக்குத்தான் தருவார்."

சாவிக்கான டெனிஷ்ச் சொல் மட்டும் எப்படியோ வாயில் வந்தது. கையை நீட்டிக்கொண்டு அதைச் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார், கால்மாட்டிலிருந்த மஞ்சள் பூவைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே சாவியைக் கையில் வைத்தார்.

அவர் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய், இளம் சோடியும் வெறுங்கையோடு போன பிறகுதான், திங்கட்கிழமை விற்க எங்களிடம் ஒரு விரிப்புக்கூட இல்லை என்பது உறைத்தது. மூவரும் வெறும் சீமெந்தில் இருந்து வயிறு நோகச் சிரித்தோம்.

"அண்ணை" என்றாள் மன்னார்ப் பெண் கண்ணைத் துடைத்தபடி, "துள்ளினது போதும். இனி ஊசியைப் பிடியுங்கோ."