டிரம் காலியாகும் வரை

எங்கள் மருத்துவமனையில் என் பதவிக்கு வைத்திருக்கும் பெயர் வளர்ச்சித் திட்ட மேலாளர். நான் சேர்ந்த முதல் வாரத்தில், தீக்காய வார்டின் மூத்த செவிலியர் நாகஜோதி அக்கா என்னிடம் அப்படியென்றால் என்ன வேலை என்று கேட்டார். ஐந்து நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் நோயாளி யாரையும் தொட வேண்டியிருக்காதா என்றார். இருக்காது என்றேன். கொடுத்துவைத்த ஆள்தான் என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் அடங்க ஆறேழு மாதம் ஆனது.

நான் விருதுநகர்க்காரன். அப்பா பருப்பு மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றி அனுப்பும் மேற்பார்வையாளர். சிவகாசி எங்களுக்கு முக்கால் மணி நேர பஸ் பயணம். தீபாவளிக்கு ஒரு முறை போய்ப் பட்டாசு வாங்கி வருகிற ஊர், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, சிவகாசியில் திருத்தங்கல் சாலையில் இருக்கும் இந்த மருத்துவமனைக்கு வந்தேன். வந்த கையோடு ஒரு ஆப் தயாரித்தேன். பட்டாசு ஆலையில் யாருக்காவது தீப்பட்டால் போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். காயத்தைப் படம் எடுத்து அனுப்பினால், நோயாளி வந்து சேர்வதற்குள் டாக்டர் பார்த்து வைத்திருப்பார். எங்கள் நிர்வாக இயக்குநர் டாக்டர் தனுஷ்கோடி அதைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

முதல் விளக்கக் கூட்டம் நாரணாபுரத்தில் ஓர் ஆலையில். கட்டுப் போடும் முறையைக் காட்ட நாகஜோதி அக்காவும் வேனில் வந்தார். வாசலில் காவலாளி எங்களை நிறுத்தி, சட்டைப்பையைத் தடவி, போன்களை வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். தீப்பெட்டி, பீடி, போன் எதுவும் உள்ளே போகக்கூடாதாம். ஆலையில் வேலை செய்யும் இருநூறு பேரின் போனும் அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆறு மாதம் உழைத்து, இரண்டு பேரை வைத்து எழுதி வாங்கிய ஆப். இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் ஒருவர்கூடச் சொல்லவும் இல்லை.

திரும்பி வரும்போது வேனில், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அக்காவிடம் சண்டைக்கே போனேன்.

“எங்கிட்ட யாரு கேட்டாக?” என்றார்.

நாகஜோதி அக்காவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பிறந்தது நாரணாபுரம். அப்பா அம்மா இருவரும் ஆலை வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்துச் செவிலியர் ஆனவர். கணவர் திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் பிரிவில் இருக்கிறார். இருபத்தோரு வருடமாக ஒரே வார்டு. அவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அவர் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார், விரல் நன்றாக மடங்குகிறதா என்று. கோபக்காரர். டாக்டர்களையே அதட்டுவார். ஆனால் கூட்டம் என்று வந்துவிட்டால் அவருக்கு நாற்காலி போட மாட்டார்கள்.

அன்று வேனில்தான் அவர் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டைப் பற்றிச் சொன்னார். தீக்காயத்தோடு வரும் ஒவ்வொருவரோடும் வந்தவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் ஊற்றினீர்களா என்பது. பதிலை நோட்டில் குறித்து வைப்பார். நூறு பேரில் எண்பது பேர் ஊற்றவில்லை. தீ அணைந்த பிறகும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே இருபது நிமிடம் தண்ணீர் விட்டால் பாதிக் காயம் பாதியிலேயே நின்றுவிடும். இதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் இங்கே ஊற்ற மாட்டார்கள். வெடிமருந்துக் கலவையில் ஈரம் பட்டால் அதுவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லி வளர்க்கிறார்கள். அது நிஜமும்கூட. மழை பெய்தால் கலவை அறையைப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பயத்தில், மருந்து படிந்த உடம்போடு ஒருவர் எரிந்து விழுந்தாலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஒளித்து வைப்பார்கள். சாக்கால் துடைப்பார்கள், பேனா மையைத் தடவுவார்கள், துணியில் சுற்றி வண்டியில் ஏற்றுவார்கள். வந்து சேரும்போது காயம் இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

கேட்டதும் எனக்கு விளம்பரப் புத்தி வந்தது. நோட்டீஸ் அடிக்கலாம், குறும்படம் எடுக்கலாம் என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நாட்டுக்கே நோட்டீஸ் அச்சடித்துக் கொடுக்கிற ஊரிலேயே நோட்டீஸா என்றார்.

அவர் செய்தது வேறு. நாரணாபுரத்து ஆலைக்கே மறுபடியும் போனோம். அங்கே ஊர்க்காவலன் என்று ஒரு போர்மேன். முப்பது வருட அனுபவம். தண்ணீர் பற்றி அக்கா பேச ஆரம்பித்ததும் எழுந்து நின்று, நர்சம்மா எங்களைக் கொல்லப் பார்க்கிறார் என்றார். அக்கா சண்டை போடவில்லை.

“மருந்துகிட்ட தண்ணி போகக்கூடாது. சரிதான் அண்ணாச்சி. ஆளு தண்ணிகிட்ட வரலாம்ல?”

அவ்வளவுதான் அவருடைய திட்டம். அறைகளிலிருந்து முப்பது தப்படி தள்ளி, வெட்டவெளியில், இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, ஆள் உட்கார்ந்தால் தலைக்கு மேல் வருகிற உயரத்தில். தீப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓட வேண்டும். ஒட்டியிருக்கும் பொடியைக் காய்ந்த துணியால் தட்டிவிட்டு, டிரம்முக்கு அடியில் உட்கார வைத்துக் குழாயைத் திறந்துவிட வேண்டும். கொஞ்சமாக நனைத்தால்தான் ஆபத்து, கொட்ட விட்டால் இல்லை என்று ஒரு டம்ளரில் பொடியைப் போட்டுச் செய்தே காட்டினார். உள்ளே போனும் இல்லை, கைக்கடிகாரமும் இல்லை. இருபது நிமிடத்தை எப்படிக் கணக்கிடுவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மூன்று அளவில் குழாய் வாங்கி, மருத்துவமனை மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக மாட்டி, டிரம் எத்தனை நிமிடத்தில் காலியாகிறது என்று பார்த்திருக்கிறார். அரை அங்குலக் குழாய்க்கு இருபத்திரண்டு நிமிடம். டிரம் காலியாகும் வரை ஆளை நகர்த்தாதே. இதுதான் விதி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற விதி.

என் ஆறு மாத ஆப்பை அந்த டிரம் சாப்பிட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதன்பிறகு நான் அவருக்கு எடுபிடி ஆனேன். எங்கள் மருத்துவமனையோடு ஒப்பந்தம் வைத்திருந்த ஆலைகள் இருபத்திரண்டு. ஆலை ஆலையாகக் கடிதம் அனுப்பி, உள்ளே போக அனுமதி வாங்கி, வேன் பிடித்து, ஆறு மாதத்தில் பதினான்கு ஆலைகளை முடித்தோம். ஊர்க்காவலன்கூடக் கடைசியில் பக்கத்து ஆலைக்கு எங்களோடு வந்து, தானே கண்டுபிடித்தது போல வகுப்பு எடுத்தார். மீதி எட்டும் தாயில்பட்டிப் பக்கம். ஆடி முடிந்து ஆர்டர் குவிகிற நேரம். வேலை வேகம் கூடினால் விபத்தும் கூடும். சீசன் சூடு பிடிப்பதற்குள் அந்த எட்டையும் முடித்துவிட வேண்டும் என்று அக்கா பறந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தாயில்பட்டியில் முதல் ஆலை என்று நாள் குறித்தாயிற்று.

இந்த இடத்தில்தான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அரையாண்டு எண்கள் கைக்கு வந்தன. பதினான்கு ஆலைகளிலிருந்து போன வருடம் இதே ஆறு மாதத்தில் உள்நோயாளியாகச் சேர்ந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். இந்த வருடம் பதினொன்று. சராசரியாக இருபத்து மூன்று நாள் படுத்திருந்தவர்கள் இப்போது ஆறு நாளில் வீட்டுக்குப் போகிறார்கள். எண்களைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதக் கடைசியில் நடக்க வேண்டிய மதிப்பாய்வுக் கூட்டத்தை, நானே இயக்குநரின் செயலாளரிடம் பேசி, அந்தத் தாயில்பட்டி வெள்ளிக்கிழமைக்கு முந்தைய திங்கட்கிழமைக்கே கொண்டுவந்தேன். இதைக் காட்டினால் இன்னொரு வேனும் இரண்டு செவிலியர்களும் கேட்டு வாங்கிவிடலாம் என்று அக்காவிடம் பெருமையடித்தேன். அவருக்கும் முகம் மலர்ந்தது.

திங்கட்கிழமை அக்காவுக்கும் நாற்காலி போடச் சொன்னேன். எண்களைத் திரையில் காட்டினேன். டாக்டர் தனுஷ்கோடி பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன். தீக்காய வார்டில் படுக்கைகள் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று கேட்டார். பாதிதான் என்றேன், பெருமையாக. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதாபிமானமாக மிக நல்ல வேலை, ஆனால் இது அரசாங்கமும் ஆலைகளும் செய்ய வேண்டியது, நம் பலம் சிகிச்சையில்தான் இருக்கிறது என்றார். மேலே புதிதாகக் கட்டிய தளத்தில் இருபது படுக்கைகளோடு நவீன தீக்காய மையம் அடுத்த வாரம் திறக்கப்போகிறது, சிஸ்டரின் திறமையை வேனில் வீணாக்கக் கூடாது, அவரையே மையத்துக்குப் பொறுப்பாகப் போடுவோம் என்று சொல்லி அக்காவைப் பார்த்துக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஆலை வகுப்புகள் அன்றோடு நிறுத்தம்.

நான் திரையை அணைத்தேன். அக்காதான், மீதி எட்டு ஆலையை மட்டுமாவது முடித்துவிடுகிறேன் என்று கேட்டார். மையம் திறந்து ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். மையத்தில் மாதத்துக்கு எத்தனை சதவீதம் படுக்கை நிரம்ப வேண்டும் என்ற இலக்கை அன்று மாலையே மெயிலில் அவருக்கு அனுப்பியவன் நான்தான். என் வேலை அது.

செவ்வாய்க்கிழமை அக்கா என் அறைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தனக்கு விடுப்பு நாள், சொந்தக் காசில் பஸ் ஏறித் தாயில்பட்டிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். ஆனால் மருத்துவமனைக் கடிதம் கையில் இல்லாமல் வெளியாளை ஆலைக்குள் விட மாட்டார்கள். ஒரு தாளில் ஒரு வரி போதும் என்றார். லெட்டர்பேடு என் மேசையில்தான் இருந்தது. நானே அடித்து, நானே கையெழுத்துப் போட்டிருந்தால்கூட ஆலைக் காவலாளிக்குத் தெரியப்போவதில்லை. நான் முறைப்படி இயக்குநரின் கையெழுத்துக்கு ஃபைலில் வைத்தேன். புதன் போனது, வியாழன் போனது. அவர் சென்னைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை காலை அக்கா போன் செய்து, வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாரிசெல்வியைக் கொண்டுவந்தார்கள். முப்பத்திரண்டு வயது. அந்தத் தாயில்பட்டி ஆலைதான். இரண்டு கையும் முழங்கை வரை, கழுத்தும். புதிய மையத்தின் முதல் நோயாளி. அவள் கணவன் பாண்டி அதே ஆலையில் லோடு ஏற்றுகிறவன். உள்ளே சிகிச்சை முடித்து அக்கா வெளியே வந்தபோது எழுந்து நின்றான். அவனிடம் அக்கா தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவனே சொன்னான். கையில் குடிதண்ணீர்க் குடம் இருந்ததாம். ஊற்றப் போனபோது நாலு பேர் பிடித்து இழுத்து, மருந்து ஒட்டியிருக்கிறது, தண்ணீர் பட்டால் இன்னும் பற்றிக்கொள்ளும் என்று கத்தினார்களாம். குடத்தைக் கீழே வைத்துவிட்டானாம்.

“ஊத்தியிருக்கணுமா அக்கா?” என்று கேட்டான்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தோரு வருடமாக இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிக் கத்தியவர்.

“ஊத்தியிருந்தாலும் இப்படித்தாம்ப்பா இருக்கும். நீ போயி ஒரு டீயைக் குடி” என்றார்.

அவன் படியிறங்கிப் போகும் வரை அப்படியே நின்றார். நான் பக்கத்தில் போனேன். விரல்களைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளலாம், முன்போல மடங்காது என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அந்த மீட்டிங்க ஒரு வாரம் பொறுத்து வச்சிருக்கலாம்ல தம்பி” என்றார். சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.