சைலன்சர் இல்லாத ஒரு வாரம்

ஊரில் அவரைக் காது வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். ஒரு பழைய சிவப்புக் கார், அதன் தலையில் எல் என்று எழுதிய தகரப் பலகை, வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் மிதிக்க ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அவருடைய டிரைவிங் ஸ்கூலின் மொத்தச் சொத்தும் இவ்வளவுதான். எதிர்த் தெருவில் ஏசி வைத்த புதுக் கார்களோடு ஒரு பெரிய ஸ்கூல் முளைத்த பிறகும் இவரைத் தேடி ஆள் வந்ததென்றால், அவர் சொல்லிக்கொடுக்கும் விதம்தான் காரணம்.

அவர் காரில் ஏறுகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓர் அட்டை. வேகம் காட்டும் முள்ளையும் இன்ஜின் சுற்று காட்டும் முள்ளையும் மறைத்து, பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டியிருப்பார். ஏன் என்று யாராவது கேட்டால் போதும், வாத்தியாருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வரும்.

"முள்ளைப் பாத்து கியர் போடறவன் ரோட்டைக் கோட்டை விட்டுடுவான். கண்ணு ரோட்டுக்கு, காது வண்டிக்கு. இன்ஜின் முக்கினா கியரை இறக்குங்க. கத்த ஆரம்பிச்சா ஏத்துங்க. பேசாம ஓடினா நீங்களும் பேசாம ஓட்டுங்க. அவ்வளவுதான் டிரைவிங்."

இப்படிக் கற்றுக்கொண்டு போனவர்கள் லாரி ஓட்டுகிறார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு வருஷமாக வருகிறவர்கள் எல்லாம் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்பது வாத்தியாரின் கட்சி. ஒருத்தருக்கும் கியர் படியவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்து தேய்ந்து மெக்கானிக்குக்குத்தான் லாபம். போதாததற்கு, இந்தக் காலத்து ஜனங்கள் வாயைத் திறந்தும் பேசுவதில்லை, எல்லாம் முணுமுணுப்பு. அவரும் எத்தனை தடவைதான் என்ன என்ன என்று கேட்பார்? தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

"ஊரே முணுமுணுக்குதா? நான் ஒருத்திதான் தொண்டை கிழியக் கத்தறேனா?" என்று அவர் மனைவி கேட்பதுண்டு. அதற்கும் தலையாட்டுவார்.

அந்த மாதம் அவரிடம் மூன்றே பேர். அதில் ஒருத்தி தையற்காரி. தைத்த சீருடைகளைக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தம்பியின் வேனை நம்பிக் காலம் தள்ளுகிறவள். தம்பிக்கு வேலை மாறிவிட்டது. இனி லைசென்ஸ் வாங்கினால்தான் தொழில், இல்லாவிட்டால் மிஷினை மூட வேண்டியதுதான். இரண்டு முறை டெஸ்டுக்குப் போய் இரண்டு முறையும் மூக்குடைந்து வந்திருந்தாள். "இன்ஜினை இப்படி அலற விடுறீங்களே, கியர்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா?" என்று பரிசோதகர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். வாத்தியாருக்கு அவள் மேல் கோபம். அவளோ மூன்றாவது டெஸ்டுக்கும் தேதி வாங்கிக்கொண்டாள், அடுத்த சனிக்கிழமைக்கு.

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அது நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் காரை அவள் கொஞ்சம் வேகமாக ஏற்றி இறக்கினாள். பின்னால் எதுவோ இடறி, தெருவைப் பிறாண்டிக்கொண்டே வந்தது. இறங்கிப் பார்த்தால் சைலன்சர் துருப்பிடித்துக் கழன்று ஒற்றைக் கம்பியில் ஊசலாடுகிறது. கயிற்றால் கட்டி, மெல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அதை அறுத்தே எடுத்துவிட்டார். கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அண்ணே, இந்த மாடலுக்கு வெளியூர்ல இருந்துதான் வரணும். வெள்ளிக்கிழமை ஆகும். அதுவரைக்கும் இப்படியே ஓட்டுங்க. கண்ணாடியை இறக்கி வெச்சுக்கோங்க, புகை உள்ள வரும். டெஸ்ட் மைதானத்துக்கு மட்டும் இப்படிப் போயிடாதீங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம், தெருவுல திட்டு வாங்கினா நான் பொறுப்பில்லை."

வாத்தியார் சாவியைத் திருப்பினார். பட்டறையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாயிற்று இந்த இன்ஜின் பேசிக் கேட்டு! முக்கல் முக்கலாகவும் கத்தல் கத்தலாகவும் தனித்தனியாகக் கேட்டது. வண்டிக்கு வயசு குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவருக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

தெருவுக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கில்லை. கார் திரும்பினால் ஜன்னல்கள் படபடவென்று மூடின. தூளியில் தூங்கிய குழந்தை எழுந்து அழ, அதன் அப்பா பனியனோடு வாசலுக்கு ஓடிவந்து முறைத்தார். மாணவர்களில் இரண்டு பேர் காது வலிக்கிறதென்று நின்றுவிட்டார்கள். தையற்காரி மட்டும் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை.

"எவ்வளவு தெளிவா கேக்குது பாருங்க," என்றார் வாத்தியார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆனாலும் அந்த வாரம் பாடம் பிரமாதமாக நடந்தது. "இப்ப ரெண்டு... இப்ப மூணு... இறக்குங்க," என்று அவர் கையைக் காட்டக் காட்ட, அவள் போட்ட கியரெல்லாம் வெண்ணெயாக விழுந்தன. கார் ஒரு முறைகூடக் குலுங்கவில்லை. வியாழக்கிழமை பாடம் முடிந்து, பள்ளிக்கூட மைதானத்து ஓரமாக இன்ஜினை அணைத்ததும் வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? மனசு வெச்சா உங்களுக்கும் வருது."

தையற்காரி பஞ்சை எடுத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அதை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் பக்கம் முழுசாகத் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் எப்பவும் இந்த இடத்துலதான் கியர் மாத்தப் போவேன். நீங்கதான் அவசரப்படாதீங்க, வண்டி இன்னும் கேக்கலைன்னு நிறுத்துவீங்க. டெஸ்ட்லயும் நீங்க சொன்னபடிதான் காத்திருந்தேன். இந்த வாரந்தான் சார் நீங்க சரியான இடத்துல சொல்றீங்க."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன பேச்சு இது, யாரிடம் யார் சொல்வது என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அதில் குற்றம் சொல்கிற தோரணை இல்லை. பரிதாபந்தான் இருந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொண்ணு சார். திரும்பின பிறகும் இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க கவனிக்க மாட்டீங்க. உங்ககிட்ட கத்துக்கறவங்க எல்லாருமே அதைச் சத்தமில்லாம அணைச்சுடுவோம்."

அவள் போன பிறகு வாத்தியார் காரிலேயே இருந்தார். சாவியைப் பாதி திருப்பி இண்டிகேட்டரைத் தட்டினார். பச்சை அம்பு விட்டு விட்டு எரிந்தது. சத்தம் இல்லை. குனிந்து காதை ஸ்டியரிங் மேல் வைத்தார். மறு காதையும் வைத்துப் பார்த்தார். அம்பு எரிந்து எரிந்து அணைந்தது. அந்தச் சத்தத்தைக் கொடுக்கும் ரிலே போய்விட்டது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி சோற்றைப் போட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது சொன்னாளோ என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். அவள் கொடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சைலன்சர் வந்துவிட்டது. கடைசிப் பாடத்துக்காகத் தையற்காரியும் பட்டறைக்கே வந்திருந்தாள்.

"புதுசு மாட்டியாச்சு அண்ணே. இன்ஜின் அடியில இருந்த ரப்பரும் செத்துப்போயிருந்தது, அதையும் மாத்திட்டேன். இனிமே அதிரவே அதிராது," என்று மெக்கானிக் அவர் முகத்துக்கு நேராக வந்து சொன்னார். இவருமா, என்று வாத்தியாருக்கு உறைத்தது. எத்தனை நாளாக இப்படி முகத்துக்கு நேராக வந்து பேசுகிறார்?

"இண்டிகேட்டர் ரிலேயையும் பாருங்க. அடிக்க மாட்டேங்குது."

மெக்கானிக் உள்ளே கைவிட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் கேட்டார். தையற்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் அடிக்குது அண்ணே."

வாத்தியார் தலையாட்டினார். ஏறி உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினார். சாவியில் ஒரு நறநறப்பு விரலுக்கு ஏறியது. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். பக்கத்து வண்டியில் வேலை பார்த்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை மறுபடி கிளப்பப் பார்ப்பதை முதல் நாள் மாணவன்கூடச் செய்ய மாட்டான், செய்தால் வாத்தியார் கையால் அடி விழும்.

அவர் அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பசை காய்ந்து இறுகியிருந்தது. பிய்த்து எடுத்தார். அடியில் இன்ஜின் சுற்று காட்டும் சின்ன முள் எழுந்து நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு டெஸ்ட். இன்றைக்கு அவளுக்கு எந்த இடத்தில் கியர் போடச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காது போனால் காது வாத்தியார் ஏது? இத்தனை வருஷத்தில் அவர் வேறு எதையும் கற்றுக்கொண்டதில்லை.

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கேட்டார், அல்லது அப்படி நினைத்துக்கொண்டார்.

"தம்பி, இந்த சைலன்சரைக் கழட்டிடலாமா? இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடி ஏதோ சொன்னார். வாத்தியார் தலையாட்டினார்.