மூன்றாவது ரிப்போர்ட்டோடு குன்னூருக்கு

போன சனிக்கிழமை குன்னூர் போனது சுற்றிப் பார்க்க அல்ல. விமான இஞ்சின் எண்ணெயைச் சோதிக்கும் கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். நமக்கு ரத்தப் பரிசோதனை போலத்தான். எண்ணெயில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், பிரிக்காமலே இஞ்சினின் தேய்மானம் தெரிந்துவிடும். குன்னூரில் இருக்கும் செல்வராஜ் சார் அனுப்பிய எண்ணெயில் இரும்பு எகிறியிருந்தது. போனில் சொல்ல மனம் வரவில்லை.

சார் தேயிலை ஃபேக்டரி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவைப் பக்கம் ஓர் ஓடுதளத்தில் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் வைத்திருக்கிறார். குன்னூரை அதிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவர் மனைவி ஆரோக்கியமேரி அம்மாவின் நெடுநாள் ஆசை. மூன்று ரிப்போர்ட் வரிசையாக நன்றாக வந்தால்தான் கூட்டிப்போவேன் என்று சார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இரண்டு நன்றாக வந்தன. இது மூன்றாவது.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் பேருந்து. ஒன்றரை மணி நேரம். பர்லியாரில் நிறுத்திக் குடித்த டீ மகா சுமார். தேயிலை விளைகிற மலையில் டீ நன்றாக இருக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! குன்னூரில் ஆட்டோவுக்கு 120 ரூபாய். "சர்ச் மேடு வண்டி ஏறாதுங்க, நடந்துருங்க" என்று பாதியில் இறக்கிவிட்டார்.

சார் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். "திடீர்னு எப்படிங்க தேயும்?"

"எண்ணெய் எப்ப மாத்துவீங்க?"

"பதினஞ்சு மணி நேரம் ஓடுனாப் போதும், மாத்திப்போடுவேனுங்க. ஃபேக்டரி ஜெனரேட்டருக்கும் அப்படித்தான். எண்ணெய் கறுக்கவே உடமாட்டேன். இந்தத் தடவ கண்ணு ஆபரேசன். அதனால மெக்கானிக்கிட்ட உட்டேன், அவரு அம்பது மணி நேரம் எண்ணெய மாத்தாமயே உட்டுட்டாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஐம்பது மணி நேரத்தில் சேர வேண்டிய இரும்பை இவர் பாசத்தோடு அவ்வப்போது வடித்துக் கொட்டியிருக்கிறார். நல்ல ரிப்போர்ட் என்று நாங்கள் கொடுத்த இரண்டும் புது எண்ணெய்க்குக் கொடுத்த சான்றிதழ்கள். ஐம்பது மணி நேரத்துக்கும் இந்த அளவு அதிகம்; இஞ்சின் முன்பே தேயத் தொடங்கிவிட்டது.

"பிரிச்சுத்தான் ஆகணுங்க சார். ஆறு மாசமாவது ஆகும்."

"எனக்கு லைசென்சு இன்னும் ரெண்டு மாசந்தானுங்க. இனிப் புதுப்பிக்கச் சர்ட்டிபிகேட் தர மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குன்னூர் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பேருந்துக்கு மூன்று மணிக்கே நிலையத்துக்கு வந்துவிடுங்கள், பிறகு உட்கார இடம் கிடைக்காது. விமானம் வைத்திருக்கும் வாசகர் யாராவது இருந்தால், சோதனைக்கு எண்ணெய் அனுப்பும்போது அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அது தெரியாமல் எங்கள் எண்களுக்கு அர்த்தமில்லை.

நான் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தார். "இஞ்சின் தேஞ்சதுக்கு அவரென்னங்க பண்ணுவாரு," என்றார். "ஆனா, ரிப்போர்ட்டெல்லாம் பாக்காத காலத்துல, இருவது வருசம் அவரு தனியாத்தானுங்க பறந்தாரு. அப்ப ஒரு நா என்னையும் கூப்பிட்டிருக்கலாம்."