காற்று வாயில் விழுந்த காப்பு

கிஷன் என் தம்பி. கிள்ளானுக்கு அப்பால், கடலோரத்து மின் நிலையம் ஒன்றில் எரிவாயு டர்பைன் கழுவும் குழுவில் இருக்கிறான். நான் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைப்பவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள். அவன் வேலையை என் தையல் மெஷினை வைத்துத்தான் எனக்கு விளக்கினான்.

"பஞ்சு அடைச்சா உன் மெஷின் எப்படி இழுக்குது? அதே கதைதான் அக்கா."

அந்த டர்பைன் ஓயாமல் காற்றை உறிஞ்சும். வடிகட்டி இருந்தும் கடல் உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, காடு எரியும் புகைமூட்டத்துக் கரி எல்லாம் நுழைந்து, காற்றை அழுத்தும் தகடுகளில் படிந்துவிடும். படிந்தால், எரிக்கிற எரிவாயு குறையாது, வருகிற மின்சாரம் குறையும். அப்போது மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, மெதுவாகச் சுற்றவிட்டபடி மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். அதற்கு முன், காற்று நுழையும் வாய்க்குள் ஒருவன் தவழ்ந்து போய் முன்வரிசைத் தகடுகளைக் கையால் துடைக்க வேண்டும். ஒல்லியான உடம்பு, பதறாத கை வேண்டும். கிஷனைத்தான் அனுப்புவார்கள். அளவு கொடுக்க வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே போகிறவன் மோதிரம், கடிகாரம், அரைஞாண் எதுவும் போட்டிருக்கக் கூடாது. உடுப்பில் பையே இருக்காது. எது விழுந்து கிடந்தாலும், மெஷின் வேகமாகச் சுற்றும்போது தகடுகள் உடைந்துவிடும். துடைக்கும் துணியைக்கூட எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, குறிப்பேட்டில் எழுதுவார்கள். வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டவர் நாகையா அண்ணன். கான்ட்ராக்ட் ஆள்.

போன ஆடி மாதம் புகைமூட்டம் கடுமை. கழுவும் வேலை முன்கூட்டியே வந்துவிட்டது. கிஷன் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. என் வயிற்றில் கட்டி எடுத்தபோது எனக்காக வேண்டிக்கொண்டது. தீ மிதித்து முடிகிறவரை கழற்றக் கூடாது.

"கழட்ட முடியாதுலா அண்ணே. நான் போகலன்னு சொல்லிடவா?"

"நீ போகலன்னா என்னையா உள்ள விடுவாங்க? இந்தத் தொப்பையோட போனா அங்கயே குடியிருக்க வேண்டியதுதான்."

நாகையா அண்ணன் காப்பின் மேல் டேப் சுற்றினார். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை. அவரும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்.

துடைத்துவிட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றினான் கிஷன். சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, டேப் இளகி, மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கையுறைக்குள்ளும் காப்பு இல்லை. மெஷினைச் சுற்றவிட ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, காப்பு உள்ள விழுந்திருச்சு."

பக்கத்திலிருந்து நாகையா அண்ணன் போனை வாங்கினார். "தங்கச்சி, இத யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு நீயாவது இவன்கிட்ட சொல்லும்மா. மஞ்சத் துண்டுதானே, தூளாப் போயிடும். நான் எழுதாம விட்டது தெரிஞ்சா எனக்கு அங்க வேலை இல்ல."

காய்ந்த மஞ்சள் கல் மாதிரி இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் குரலைக் கேட்டுக்கொண்டு அதை என்னால் சொல்ல முடியவில்லை. கிஷன் போனைத் திரும்ப வாங்கினான்.

"உன்கிட்ட கேக்கக் கூப்பிடல அக்கா. சொல்லிட்டுப் போறேன்."

நேரே இன்ஜினியர் கார்த்திகேசுவிடம் போனான். எல்லாம் நின்றது.

"காப்பு கட்டினவன் ஏன் உள்ள போன?" என்று கேட்டார் அவர்.

"என் தப்பு சார்."

"வாசல்ல யாரு?"

கிஷன் யார் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நிற்பவர் ஒருவர்தான்.

கம்பி நுனியில் கேமரா கட்டித் தகடு தகடாகத் தேடினார்கள். மறுநாள்தான் கிடைத்தது, தகடுகளுக்கு நடுவில் இல்லை. உள்தளத்தில் தண்ணீர் வடிகிற குழிக்குள், சேற்றோடு கயிறும் மஞ்சளும் கிடந்தன. மெஷினைச் சுற்றவிட்டிருந்தாலும் அங்கேயே கிடந்திருக்கலாம் என்றார் கார்த்திகேசு. கிடந்திருக்காமலும் போயிருக்கலாம் என்றார்.

கிஷனுக்கு உள்ளே போகும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். வெளியே பம்ப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். நாகையா அண்ணனை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி கிஷன் இரண்டு முறை எழுதிக் கேட்டான். பதில் இல்லை.

குருக்கள் வேறு காப்புக் கட்டிவிடுகிறேன் என்றார். கிஷன் வேண்டாம் என்றுவிட்டான். அந்த ஆண்டு அவன் தீ மிதிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கிள்ளானில் நாகையா அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி இராஜம்மா வாசல் கேட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் வெளியே வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணே, நான் சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான் கிஷன்.

"நீ செஞ்சது சரிதான்டா. நான் உன் இடத்துல இருந்தாலும் சொல்லத்தான் வேணும்" என்றார். "அதுக்காக உன்னை உள்ள கூப்பிட்டு டீ கொடுக்கணுமா?"

கிஷன் கேட்டின் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். நான்தான் அவன் தோளைத் தொட்டு, "வா, போகலாம்" என்றேன்.