சர்வீஸ் ரோட்டில் ஒரு மாப்பிள்ளை

கிருபாராணிக்கு வாய் அதிகம் என்று கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னார். சூளகிரி பக்கம் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தபோது சூப்பர்வைசரும் அதையே சொன்னார். கணவன் சகாயநாதன் இருபது வருஷமாகச் சொல்லாமல் இருக்கிறான் என்றால், இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட் என்பதுதான் காரணம். அந்த வாய்க்கு இந்த உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவர நாற்பத்தொரு வயதாக வேண்டியிருந்தது.

தெரிந்தது கம்பெனி பஸ்ஸில். காலை ஐந்து நாற்பதுக்கு மத்திகிரியில் கிளம்பி, ஓசூரைக் கடந்து, பேரண்டப்பள்ளி தாண்டி, ஆறு இருபதுக்குக் கம்பெனி கேட்டுக்குள் நுழைகிற பஸ். அவளையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பெண்கள். ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். போன ஆடி மாதம் ஊத்தங்கரையிலிருந்து தர்ஷினி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். மூன்றாம் நாளே கிருபாராணியின் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சத் தொடங்கினாள்.

"நாள் பூரா ஒயருக்கு டேப்பு சுத்திக்கினே இருக்கறேன்க்கா. அது எங்க போவுதுன்னுகூட தெரியல."

வேறு யாராவது என்றால் "பழகிடும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருப்பார்கள். கிருபாராணியால் முடியுமா?

"நேத்து நீ சுத்தினது ஜோத்பூர் போயிடுச்சு. அங்க ஒரு பல் டாக்டரம்மா அந்தக் காரை வாங்கியிருக்கறாங்க. பாவம், அவங்களுக்கு ரிவர்ஸ் எடுக்க மட்டும் வராது" என்று ஆரம்பித்தாள். கம்பெனி கேட் வருவதற்குள் டாக்டரம்மா ரிவர்ஸிலேயே போய் ஒரு பானிபூரி வண்டியை இடித்து, வண்டிக்காரருக்கு இலவசமாகப் பல்லும் கட்டிவிட்டிருந்தார். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன் சீட்டில் தூங்குகிறாள் என்று நினைத்த சாந்தம்மா, கண்ணைத் திறக்காமலே, "ஆமேலெ?" என்றாள். சாந்தம்மாவுக்கு வீட்டில் கன்னடம். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறாள்.

கிருபாராணி அன்று முழுவதும் டேப் சுற்றியபடி அப்புறத்தை யோசித்தாள். 'அப்புறம்?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அப்புறம் ஒன்று இருந்துதானே ஆகவேண்டும்? மறுநாள் பஸ்ஸில் அது இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு கார், ஒவ்வொரு காருக்கும் ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு வம்பு. திட்டுவதற்குக் கன்னடம், கொஞ்சுவதற்குத் தெலுங்கு, மற்றதெல்லாம் தமிழ் என்று பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் பங்கு வைத்தாள். சிரிக்க வைப்பதை ஓசூருக்குள் முடித்துவிட்டு, வயிற்றைக் கலக்குகிற கட்டத்தைப் பேரண்டப்பள்ளியில் தொடங்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்தாள். தோன்றுவதையெல்லாம் எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் வேலைக்குக் கிளம்புவதில் இத்தனை சந்தோஷம் இருக்க முடியும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

பஸ்ஸில் கதை கேட்காத ஆள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தாள். டிரைவர் நஞ்சுண்டப்பா, தளி பக்கத்துக்காரர். மூன்று வருஷத்தில் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. சீட்டில் உட்கார்ந்தால் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். அவருக்குக் காது கேட்குமா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் உண்டு.

தை மாதம் மாப்பிள்ளை கதை ஆரம்பமானது. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிய டிரைவரிடமிருந்து ஒரு திருடன் காரைக் கிளப்பிக்கொண்டு போகிறான். பத்து மைல் போன பிறகுதான் தெரிகிறது, பின் சீட்டில் கல்யாண மாப்பிள்ளை தூங்குகிறான். விடிந்தால் முகூர்த்தம். கதை நாளுக்கு நாள் நீண்டது. பஸ்ஸும் நாளுக்கு நாள் லேட்டாகப் போய்ச் சேர்ந்தது.

ஒன்பதாவது தடவை லேட்டானதும் எச்.ஆர். ஆபீஸர் பிரதாப், கிருபாராணியையும் நஞ்சுண்டப்பாவையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். கையில் ஜி.பி.எஸ். படம்.

"பேரண்டப்பள்ளி வரைக்கும் வண்டி கரெக்டா வருது. அப்புறம் ஹைவேயை விட்டு சர்வீஸ் ரோட்டுல இறங்கி மாட்டு வண்டி மாதிரி ஊருது. ஏன் நஞ்சுண்டப்பா?"

நஞ்சுண்டப்பா கால் கட்டைவிரலைப் பார்த்தார். "அந்த மாப்பிள்ளை இன்னும் மண்டபத்துக்கு வந்து சேரலைங்க சார்."

"எந்த மாப்பிள்ளை?"

"இந்தம்மா கதையில வர்ற மாப்பிள்ளைங்க. பாதியில எப்படி சார் கேட்டுக்குள்ள வண்டிய விடறது?"

பிரதாப்புக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் ஜெயித்தது. "ஆள் வராம உள்ள வேலை லைன் நிக்குதுப்பா. இனிமே பஸ்ஸுல கதை வேணாம்மா" என்றார்.

திட்டு வாங்கி நின்ற கிருபாராணிக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்ததுதான் வேடிக்கை. இந்த மனிதர் ஹைவேயை விட்டு இறங்கியிருக்கிறாரே.

"பத்து நிமிஷம் முன்னாடி வண்டிய எடுக்கறேன் சார்" என்றார் நஞ்சுண்டப்பா.

"காலை ஷிப்டுக்காரங்க கதைக்காகப் பத்து நிமிஷத் தூக்கத்தை விடுவாங்களா?" பிரதாப் சிரித்தே விட்டார். "சரி, நாளைக்கு அஞ்சரைக்கு எடுங்க. முப்பத்தெட்டுப் பேரும் இருந்தா கதை சொல்லிக்கட்டும். ஒரு ஆள் குறைஞ்சாலும் பழைய டைம்தான், கதையும் கிடையாது."

வேலை முடிந்து திரும்புகிற பஸ்ஸில் நஞ்சுண்டப்பா சேதியைச் சொன்னார். அவரவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். கிருபாராணி யாரையும் வரச்சொல்லிக் கேட்டுக்கொள்ளவில்லை. எப்படிக் கேட்பாள்? அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சாந்தம்மா பிள்ளைகளுக்கு டிபன் கட்டுகிறாள். தர்ஷினி வீட்டில் குழாயில் தண்ணீர் வருவதே அந்த நேரத்தில்தான்.

"யாரும் வரலைன்னா என்னா, எனக்குச் சொல்லு" என்றான் சகாயநாதன் அன்று ராத்திரி வீட்டில்.

"உங்களுக்கு முதல் வரியிலயே குறட்டை வந்துரும்."

காலையில் ஐந்து இருபதுக்கே வீட்டை விட்டு இறங்கினாள். ஆனால் மாட்டுப்பண்ணைச் சுவர் முடிகிற முனையில் கால் நின்றுவிட்டது. அதைத் திரும்பினால் பஸ் தெரியும். காலி பஸ்ஸைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லி, கோயில் தீர்த்தம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். போன் அடித்தது. தர்ஷினி.

"அக்கா, எங்க இருக்கறீங்க? அஞ்சு இருபத்தெட்டு ஆவுது. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

கிருபாராணி டம்ளரை வைத்தாளா போட்டாளா தெரியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் விளக்கு எரிந்தது. ஒருத்தி ஈரத்தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். சாந்தம்மா மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு பேர், ஒருத்திகூடத் தூங்கவில்லை. கிருபாராணிக்கு மூச்சு வாங்கியது, கண்ணும் நிறைந்துவிட்டது. அழுதால் நேரம் போய்விடும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வுட்டேன்?" என்றாள்.

"மாப்பிள்ளை முழிச்சுக்கினான்" என்று பத்துக் குரல் ஒன்றாக வந்தது.

"முழிச்சவன், திருடனைத் தன்னோட டிரைவர்னு நினைச்சிக்கினு, 'டீ குடிச்சாச்சா?'ன்னு கேட்டான்" என்று சொல்லி, எப்போதும்போல் கொஞ்சம் நிறுத்தினாள்.

சாந்தம்மா வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து வேறு குரல் கேட்டது. நஞ்சுண்டப்பா சாவியில் வைத்த கையோடு முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமேலெ?" என்றார்.