கேமராவுக்குப் போர்த்திய பை

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, விடுமுறைக்கென்று வாங்கிப்போட்ட என் வீட்டு வாசலில் நிற்கிறேன். திருட்டுப் பயத்தில் இங்கே மாட்டிய கேமரா, லண்டனில் இருக்கும் என் ஃபோனுக்கு மாதக்கணக்காகப் பனிமூட்டத்தையே காட்டி வருகிறது. அங்கே வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாக நீட்டுவேன்.

நிமிர்ந்து பார்க்கிறேன். கேமராவின் தலையில் வெள்ளைப் பொலித்தீன் பை. என் பனிமூட்டம் இதுதான்.

“இதை யார் கட்டினது அக்கா?” வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முத்துலெச்சுமி அக்காவிடம் கேட்கிறேன்.

“நான்தாங்க சேர். மழைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறப்ப நாங்களும் இப்படித்தானே போத்திக்கிறோம். அது மட்டும் நனையுது, பாவம்.”

பையைக் கழற்றிவிட்டு ஃபோனைத் திறக்கிறேன். வெளியே நல்ல பனி. படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பையைத் திரும்பவும் கட்டச் சொல்கிறேன்.